சூப்ரண்டு எடை குறையவில்லை

எதிர் வீடு: ...போர்வையைக்கூட மடிச்சு வெச்சாச்சா? அப்ப நிஜமாவே நாயை அனுப்பறீங்களாக்கா?

டெய்லரம்மா: பின்ன விளையாட்டுக்கா மடிக்கிறேன்? அந்த மாத்திரை டப்பாவை இப்படி எடு.

எதிர் வீடு: இதுவா?

டெய்லரம்மா: அது என் முழங்காலுக்கு. அதுக்குப் பக்கத்துல இருக்கே... ஆங், அதுதான் சூப்ரண்டு முதுகுக்கு. மாத்திக் கீத்திப் போட்டா ரெண்டு பேரும் போய்ச் சேர வேண்டியதுதான்.

எதிர் வீடு: பாவம்க்கா. இத்தனூண்டு நாய். இதுக்கு முதுகு வலின்னா யாரு நம்புறா? கீழ் வீட்டுல சொன்னேன். ஏன், மூட்டை தூக்கப் போச்சான்னு கேக்கறாங்க.

டெய்லரம்மா: கீழ் வீட்டுலயும் சொல்லிட்டியா?

எதிர் வீடு: அவங்களாத்தான் கேட்டாங்க... சரி, நானாத்தான் சொன்னேன்.

டெய்லர்: நேத்து சாயங்காலம் இவ உன்கிட்ட சொன்னா. காலையில தெருவுல கால் வைக்க முடியல. பேக்கரிக்காரர் என் தோளைத் தட்டி, மனசைத் தேத்திக்குங்கங்கறார். என்னமோ செத்துப் போன மாதிரி.

எதிர் வீடு: காலையில பேக்கரிக்கு எதுக்குண்ணே போனீங்க?

டெய்லர்: பேக்கரிக்கு யாரு போனா? அந்த வழியா... நடந்தேன்.

எதிர் வீடு: நடந்தீங்களா. சரி சரி. கேட்டேன், அவ்ளோதான்.

டெய்லரம்மா: அந்த மூலையில நின்னுக்கிட்டு என்ன பண்றீங்க? தட்டு எங்க, அதோட சாப்பாட்டுத் தட்டு?

டெய்லர்: எனக்குத் தெரியாது.

டெய்லரம்மா: முதுகுக்குப் பின்னாடி என்ன வெச்சிருக்கீங்க?

டெய்லர்: ...தட்டு.

டெய்லரம்மா: குடுங்க இப்படி.

டெய்லர்: இன்னொரு வாரம் பாக்கலாமே. டாக்டர் என்ன சொன்னார்? எடை குறைஞ்சா வலி குறையும்னார். குறையும். வயசான உடம்பு, மெதுவாத்தான் குறையும்.

டெய்லரம்மா: குறைஞ்சாத்தானே? நீ கேளு இந்தக் கூத்தை. பத்து கிலோ இருந்துது. ரெண்டு கிலோ இறக்குங்க, இல்லேன்னா அந்த முதுகெலும்பு தாங்காதுன்னுட்டார் டாக்டர். குதிக்கக் கூடாது, கட்டில்ல ஏறக் கூடாது, படி ஏறக் கூடாது. தரையில வழுக்கக் கூடாதுன்னு வீடு பூரா பாய் விரிச்சேன். வெந்நீர்ப் பை ஒத்தடம், காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு. என் மாமியாருக்குக்கூட இப்படிப் பண்ணல.

டெய்லர்: அது ஊருக்கே தெரியும்.

டெய்லரம்மா: நீங்க சும்மா இருங்க. சாப்பாட்டைப் பாதியாக்கினேன். ஒரு வாரம் கழிச்சு எடை பாத்தா, பத்தரை. அடுத்த தடவை பாத்தா, பதினொண்ணு. சாப்பாட்டைக் குறைக்கக் குறைக்க எடை ஏறுது. டாக்டர்கிட்ட ஃபோன்ல சொன்னா, நாயைத்தானே சொல்றீங்கன்னு கேக்கறார்.

எதிர் வீடு: யாராவது திருட்டுத்தனமா ஊட்டறாங்களோ?

டெய்லரம்மா: முதல்ல உன்னைத்தான் நினைச்சேன்.

எதிர் வீடு: என்னையா? நல்லாருக்கே கதை. நான் ஒரே ஒரு பிஸ்கட்... அதுவும் போன மாசம்... அதுவும் பாதி. மீதியை நான்தான் தின்னேன்.

டெய்லர்: பாத்தியா, அங்கதான் ஓட்டை. எனக்கு அப்பவே தெரியும்.

எதிர் வீடு: அண்ணே, பாதி பிஸ்கட்டுல ஒரு கிலோ ஏறுமா?

டெய்லர்: ஏறும். சில உடம்பு வாகு அப்படி.

டெய்லரம்மா: யார் ஊட்டினாங்கங்கிறது இனிமே எதுக்கு? என் தங்கச்சி வீடு தரையோட தரை. ஒரு படி கிடையாது. வாசல்ல காலை வெச்சா தெரு. இங்க மாடியில வெச்சுக்கிட்டு, வெளிய போகணும்னா ஒவ்வொரு தடவையும் இவர் தூக்கி இறக்கணும், தூக்கி ஏத்தணும். கனம் வேற ஏறிக்கிட்டே போகுது. இவரு மூச்சு வாங்கறதைப் பாக்க முடியல.

எதிர் வீடு: ஆமாக்கா. எங்க வீட்டுக் கதவைச் சாத்தினாலும் கேக்குது. நாய் மூச்சா அண்ணன் மூச்சான்னு எங்க வீட்டுக்காரர் கேப்பார்.

டெய்லர்: பதினொரு கிலோவைத் தூக்கினா மூச்சு வாங்காதா?

எதிர் வீடு: அது சரி... அக்கா, உங்க தங்கச்சி வீட்டை நான் பாத்ததில்லையே.

டெய்லரம்மா: அவங்க வீடு மாத்தி ரெண்டு வருஷமாச்சு. இவரே பாத்ததில்ல. சகலை மேல கோவம்.

டெய்லர்: கோவம் இல்ல. தன்மானம். அவனுக்கு ஒரு பேண்ட் தெச்சுக் குடுத்தேன். நாலு பேர் நடுவுல, இடுப்பு இறுக்குதுன்னு சொல்லி, கொண்டு போய் வேற டெய்லர்கிட்டப் பிரிச்சு விட்டுட்டு வந்தான். என் தையலை இன்னொருத்தன் பிரிக்கிறதா? நான் அப்பவே சொன்னேன், மாப்ளே, துணி சுருங்கல, நீதான் பெருத்துட்டேன்னு. உண்மையைச் சொன்னா ரோஷம் வருது.

எதிர் வீடு: பெருத்தவங்க யாருண்ணே ஒத்துக்கிறா?

டெய்லர்: அதைத்தான் சொல்றேன். அளவு எடுக்கும்போது வயித்தை எக்கிக்குவானுங்க. நானும் விட்டுடுவேன். ஒரு இஞ்சு கூட்டி வெட்டிக்குவேன். எந்த மனுசனுக்கும் தன் இடுப்பு தெரியறதில்ல.

டெய்லரம்மா: ம்... நல்லாச் சொன்னீங்க.

எதிர் வீடு: எங்க, நான் ஒருதரம் சூப்ரண்டைத் தூக்கிப் பாக்கறேன். கடைசியா...

டெய்லர்: தூக்காதே, தூக்காதே. கண்டபடி தூக்கக் கூடாது. ஒரு கை நெஞ்சுக்கு அடியில, ஒரு கை பின்னாடி. முதுகு ஒரே கோடா இருக்கணும். துணிச் சுருளைத் தூக்கற மாதிரி. நடுவுல தொங்கக் கூடாது.

எதிர் வீடு: இப்படியா? வாடா ராஜா... பாருங்கக்கா, கண்ணை முழுசாக்கூடத் திறக்காம என்னைப் பாக்குது. இந்தப் பார்வைக்குத்தானே சூப்ரண்டுன்னு பேர் வெச்சீங்க.

டெய்லர்: குட்டியில இருந்தே அப்படி. யார் வந்தாலும் குரைக்காது. மேலயும் கீழயும் பாக்கும். இவங்க மனுவை நாளைக்குப் பாத்துக்கலாம்ங்கற ஆபீஸ் சூப்ரண்டு மாதிரி முகத்தைத் திருப்பிக்கும்.

எதிர் வீடு: அண்ணே...

டெய்லர்: என்ன?

எதிர் வீடு: இது பதினொரு கிலோவா? எங்க வீட்டுத் தண்ணிக்குடம் இதைவிடக் கனமாச்சே. விலா எலும்பு ஒண்ணொண்ணா விரல்ல படுது. சீப்பு மாதிரி.

டெய்லர்: அது... ரோமம் கொட்டியிருக்கு. அதான் எலும்பு தெரியுது. எடை பூரா உள்ள இருக்கு.

எதிர் வீடு: உள்ளன்னா?

டெய்லர்: உள்ளன்னா உள்ளதான். முதுகெலும்புல.

எதிர் வீடு: இந்த வயித்துப் பட்டை நீங்க தெச்சதுதானேண்ணே? நடக்கும்போது பின்னங்காலைத் தாங்கிப் பிடிக்கிறதுக்கு?

டெய்லர்: ஆமா. ரெட்டைத் துணி, உள்ள பஞ்சு, மேல கைப்பிடி. டாக்டரே கேட்டார், எங்க வாங்கினீங்கன்னு.

எதிர் வீடு: முதல்ல கடைசிக் கொக்கியில மாட்டுவீங்க. நான் பாத்திருக்கேன். இப்ப முதல் கொக்கியில மாட்டியிருக்கு. அப்பவும் என் கை உள்ள போகுது. பாருங்க... ரெண்டு கையும் போகுது.

டெய்லர்: துணி விட்டுக் குடுத்திருக்கும்.

எதிர் வீடு: உங்க தையலா விட்டுக் குடுக்கும்?

டெய்லரம்மா: சொல்லுங்க. கேக்கறால்ல?

டெய்லர்: ஏம்மா, நீ நாயைப் பாக்க வந்தியா, என்னைக் குறுக்கு விசாரணை பண்ண வந்தியா?

எதிர் வீடு: ரெண்டுக்கும்தான்ணே. வந்ததே வந்தோம்... ஆமாக்கா, எடையை எப்படிப் பாக்கறீங்க? இது எடை மெஷின்ல நிக்குமா?

டெய்லரம்மா: நிக்காது. வழுக்குதுன்னு காலைப் பரப்பிடும், முதுகு வலிச்சுக் கத்தும். டாக்டர்கிட்ட அடிக்கடி தூக்கிட்டு ஓடவும் முடியல, வண்டி குலுங்கினா வலி கூடுது. அதான் வீட்டுலயே பாத்துச் சொல்லுங்கன்னார். இவர் அதைத் தூக்கிக்கிட்டு மெஷின்ல ஏறுவார். வர்றதுல இவர் எடையைக் கழிச்சா மிச்சம் சூப்ரண்டு.

எதிர் வீடு: அண்ணன் எடை எவ்வளவு?

டெய்லர்: எழுபது.

எதிர் வீடு: எப்பப் பாத்தீங்க?

டெய்லர்: எப்பன்னா? கல்யாணத்தப்ப எழுபது. இப்பவும் எழுபது. நானே டெய்லர். என் அளவு எனக்குத் தெரியாதா?

எதிர் வீடு: கல்யாணத்தப்பவா... அக்கா, உங்களுக்குக் கல்யாணமாகி...

டெய்லரம்மா: பெரியவனுக்கே கல்யாணம் ஆயிடுச்சு.

எதிர் வீடு: அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நான் துணி காயப்போடற கொடியும் உங்க கொடியும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு. நான் வேணும்னு பாக்கல. காத்துல அதுவாத் திரும்பிச்சு.

டெய்லர்: எது திரும்பிச்சு?

எதிர் வீடு: உங்க சாம்பல் கலர் பேண்ட். பின்பக்கம், இடுப்புக்கு நடுவுல, விரல் அகலத்துக்கு ஒரு கோடு. மத்த இடமெல்லாம் வெளுத்துப் போயிருக்கு. அந்தக் கோடு மட்டும் நேத்து வாங்கின துணி மாதிரி பளபளன்னு இருக்கு.

டெய்லர்: அது டிசைன்.

எதிர் வீடு: உள்ள மடிச்சிருந்த துணியைப் பிரிச்சு விட்டாத்தானே அப்படித் தெரியும்? எனக்குத் தையல் தெரியாது, சும்மா கேக்கறேன்.

டெய்லர்: தெரியலேன்னா பேசாதே.

எதிர் வீடு: பழுப்பு பேண்ட்டுலயும் அதே டிசைன். விசேஷத்துக்குப் போடற கறுப்புலகூட.

டெய்லரம்மா: மூணுலயுமா?

எதிர் வீடு: காத்து நல்லா அடிச்சுதுக்கா அன்னைக்கு.

டெய்லர்: வயசான காலத்துல மனுசன் கொஞ்சம் தொளதொளன்னு போட்டுக்கக் கூடாதா? உக்காந்து தைக்கிறவன் நான். இறுக்கிப் பிடிச்சா தையல் கோணும்.

எதிர் வீடு: ஒண்ணும் வேணாம்ணே. எடை மெஷின் இதோ கட்டிலுக்கு அடியிலதான இருக்கு. நாயை நான் வெச்சுக்கிறேன். நீங்க மட்டும் ஒருதரம் ஏறி நில்லுங்க.

டெய்லர்: எதுக்கு?

எதிர் வீடு: சும்மா.

டெய்லர்: பேட்டரி தீர்ந்து போயிருக்கும்.

டெய்லரம்மா: முந்தாநாள் போட்டேன்.

டெய்லர்: இந்த இடத்துல தரை மேடு பள்ளமா இருக்கு. நேரா காட்டாது.

டெய்லரம்மா: நாயோட ஏறும்போது மட்டும் நேரா இருந்துதா?

டெய்லர்: இப்பத்தான் சாப்பிட்டேன். சாப்பிட்டதும் எடை பாக்கக் கூடாதுன்னு...

எதிர் வீடு: யாரு சொன்னா?

டெய்லர்: சொல்லுவாங்க. பொதுவா.

டெய்லரம்மா: விடு, விடு. அவரைப் போட்டுத் துளைக்காதே. அவர் எழுபதுன்னா எழுபதுதான். நாய்தான் பதினொண்ணு. கணக்கு சரியாப் போச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல வண்டி வந்துடும். அந்த வெந்நீர்ப் பையையும் உள்ள வை... என்னங்க, அதோட மெத்தையைத் தையல் மெஷினுக்கு அடியிலிருந்து எடுங்க.

டெய்லர்: மெத்தை எதுக்கு?

டெய்லரம்மா: அங்க போய் வெறும் தரையிலயா படுக்கும்?

டெய்லர்: அங்க தையல் மெஷின் இருக்கா?

டெய்லரம்மா: அவங்க வீட்டுல எதுக்குத் தையல் மெஷின்?

டெய்லர்: அந்தச் சத்தம் இல்லாம அது தூங்காது. குட்டியில இருந்து அந்த மெத்தையிலதான். நான் தைக்க உக்காந்தா எங்க இருந்தாலும் வந்து அடியில படுத்துக்கும். புதுசா வந்த இடத்துல, கட்டாக் கட்டாக்குன்னு சத்தமும் இல்லாம, என்னமோ ஏதோன்னு முழிச்சுக்கிட்டே கிடக்கும்.

டெய்லரம்மா: டிவி இருக்கு. போட்டு விடச் சொல்றேன்.

டெய்லர்: டிவியும் மெஷினும் ஒண்ணா? ...நேத்து கதவுக்கிட்டப் படுத்திருந்துது. நான் பெடல் மிதிக்கிறேன், காலுக்குப் பக்கத்துல ஒண்ணுமே இல்ல. ஒரு தையல்கூட நேரா வரல. எப்பவும் அதோட முதுகு என் கணுக்கால்ல பட்டுக்கிட்டே இருக்கும். வலி வந்தா லேசா நடுங்கும். அப்ப நான் பெடலை மெதுவாக்கிடுவேன். இதெல்லாம் உன் தங்கச்சிக்குத் தெரியுமா? அவ புருசனுக்குத் தெரியுமா? அவனுக்கு அவன் இடுப்பே தெரியாது.

எதிர் வீடு: அண்ணே... கண்ணு கலங்குதே.

டெய்லர்: நூல் தூசி.

டெய்லரம்மா: எனக்கு மட்டும் அனுப்ப ஆசையா? எடை குறைஞ்சிருந்தா படியில தூக்கறது சுலபம், முதுகும் தாங்கும், இங்கயே இருக்கலாம். பதினொண்ணுல நிக்குதே. நான் என்ன பண்ணட்டும்?

டெய்லர்: பதினொண்ணு இல்ல.

டெய்லரம்மா: என்னது?

டெய்லர்: பதினொண்ணு... இருக்காதுன்னு நினைக்கிறேன்.

எதிர் வீடு: சத்தமாச் சொல்லுங்கண்ணே. இங்க வரைக்கும் கேக்கல.

டெய்லர்: உனக்கா கேக்கல?

டெய்லரம்மா: பின்ன எவ்வளவு?

டெய்லர்: எடை மெஷினை எடு... எடுன்னேன்ல. வேட்டைக்கு வந்த மாதிரி ரெண்டு பேரும் குனிஞ்சு பாக்காதீங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க.

எதிர் வீடு: சாவிக்கொத்தை எடுத்து வெச்சுட்டுக்கூட ஏறுங்கண்ணே. பரவால்ல.

டெய்லர்: ...ஏறிட்டேன்.

எதிர் வீடு: எழுபத்தி... அக்கா, நீங்க படிங்க. என் கண்ணுக்கு வேற மாதிரி தெரியுது.

டெய்லரம்மா: எழுபத்திமூணு.

எதிர் வீடு: எண்பத்தொண்ணுல எழுபத்திமூணு போனா, அப்ப நாய் எட்டு. டாக்டர் சொன்ன அதே எட்டு. ரெண்டு கிலோ எப்பவோ குறைஞ்சிருக்கு. பாவி மனுசா... அண்ணே, மன்னிச்சுக்குங்க, வாய் தவறி வந்துடுச்சு.

டெய்லரம்மா: எப்படிங்க? இங்க நான் உங்களுக்கும் எண்ணெய் குறைச்சு, சர்க்கரை நிறுத்தி...

டெய்லர்: அதைத் தூக்கிக்கிட்டு காத்து வாங்கப் போவேன்ல. பேக்கரி திருப்பம் வந்ததும் மூக்கைத் தூக்கும். பழைய பழக்கம். முன்னெல்லாம் ஒரு கிரீம் பன் வாங்கி ஆளுக்குப் பாதி. டாக்டர் அதுக்குக் கூடாதுன்னுட்டார்.

டெய்லரம்மா: சரி?

டெய்லர்: அதுக்காகப் பாதி பன் எவன் விப்பான்?

எதிர் வீடு: அதோட பாதியையும் நீங்களே...

டெய்லர்: அது முகத்தைப் பாத்துக்கிட்டே தின்னா மனசு வலிக்கும். அந்த வலிக்கு இன்னொண்ணு. ஆனா ஒரு துணுக்குகூட அதுக்குக் குடுக்கல. சத்தியமா. பத்தியத்தை நான் உடைக்கல.

எதிர் வீடு: அதுகிட்ட குறைஞ்சது எங்க போச்சுன்னு பாத்தேன். அண்ணன்கிட்ட பத்திரமா இருக்கு. வட்டியோட.

டெய்லர்: சொல்லலாம்னுதான் இருந்தேன். முதல் தடவை அரை கிலோ கூடக் காட்டினப்பவே எனக்கு உறுத்துச்சு. ஊருக்கெல்லாம் நீ பெருத்துட்டே, நீ பெருத்துட்டேன்னு சொல்றவன், எப்படி நானே...

டெய்லரம்மா: அது பசியோட கிடக்குமேன்னு தோணலையா?

டெய்லர்: தோணிச்சு. அதான் தட்டைப் போய்ப் போய்ப் பாப்பேன். நீ பாதின்னு சொன்னே, ஆனா தட்டுல எப்பவும் முக்காலுக்கு மேலதான் இருந்துது. கேட்டா நீ அதையும் குறைச்சுடுவியோன்னு வாயைத் திறக்கல.

எதிர் வீடு: முக்காலா? அக்கா, பாதியாக்கினேன்னு சொன்னீங்க?

டெய்லரம்மா: ...ஒரு வாரம்தான் பாதி. எடை ஏறுதுன்னு இவர் சொல்றார், எனக்குக் கையில விலா எலும்பு படுது. யாரை நம்பறது? கூடையில துணி விரிச்சு, அதுல படுக்க வெச்சு, இந்த முழங்காலோட மளிகைக் கடைக்குத் தூக்கிட்டுப் போயிட்டேன். மூட்டை நிறுக்கிற தராசு இருக்கு பாரு, தரையோட தரையா... அதுல கூடையோட வெச்சேன். அப்பவே ஒன்பதுக்கு வந்திருந்துது. அன்னைக்கே டாக்டர்கிட்ட கேட்டு சாப்பாட்டைக் கூட்டிட்டேன். நேத்து மறுபடி வெச்சேன், எட்டு. இனிமே குறையக் கூடாதாம்.

டெய்லர்: அப்ப உனக்கு முன்னாடியே தெரியும்.

டெய்லரம்மா: நாய் எட்டுன்னா, மிச்சம் யாருன்னு கழிக்கத் தெரியாதா எனக்கு? ரெண்டு தடவை கேட்டேன். எழுபது, எழுபதுன்னு நீங்க நெஞ்சை நிமித்தினீங்க. உங்க டாக்டர் சர்க்கரை எல்லையில நிக்குதுன்னு சொன்னதுக்கப்புறமும். படி ஏறி வந்து சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறது நாய் கனத்துலயா, பன் கனத்துலயா? சண்டை போட்டா ஒத்துக்கற ஆளா நீங்க? அதான் இவகிட்ட சொன்னேன்.

எதிர் வீடு: என்கிட்டயா? என்கிட்ட நாயை அனுப்பறேன்னுதானேக்கா சொன்னீங்க?

டெய்லரம்மா: அதுபோதும். மீதியை நீ பாத்துக்குவேன்னு தெரியும்.

எதிர் வீடு: அப்ப நான் கண்டுபிடிச்சது எல்லாம்...

டெய்லரம்மா: அந்தக் கறுப்பு பேண்ட் எனக்கே தெரியாது. அது உன் திறமைதான்.

எதிர் வீடு: ஏதோ... தெரு பூரா நாய் போகுதுன்னு சொல்லிட்டேனேக்கா. இப்பத் திரும்பி ஒவ்வொரு வீடாப் போய் இல்லைன்னு சொல்லணும்.

டெய்லர்: அதுல உனக்கு ரொம்பத்தான் வருத்தம். பேக்கரிக்காரர்கிட்டயும் சொல்லிடு.

டெய்லரம்மா: பேக்கரிக்காரர்கிட்ட நானே சொல்லிக்கிறேன். வேற விஷயமும் இருக்கு.

டெய்லர்: சரி, அந்தப் பையைப் பிரி. மெத்தையைப் பழைய இடத்துல போடு. வண்டிக்காரருக்கு ஃபோன் பண்ணி வேண்டாம்னுடு.

டெய்லரம்மா: வண்டி வரட்டும். அது உங்களுக்கு. உங்க டாக்டர்கிட்ட நேரம் வாங்கி வெச்சிருக்கேன். அந்த சாம்பல் கலர் பேண்ட்டையே போட்டுக்குங்க, அவரும் டிசைனைப் பாக்கட்டும்.

டெய்லர்: அப்ப உன் தங்கச்சிக்கு யார் பதில் சொல்றது? அவ அங்க சூப்ரண்டுக்கு இடமெல்லாம் ஒழிச்சு வெச்சிருப்பாளே. நாம அனுப்பலேன்னா, எங்க வீடு பிடிக்கலையான்னு அதுக்கும் அந்தச் சகலை என்னைத்தான் சொல்வான்.

டெய்லரம்மா: அவகிட்ட நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லலைங்க. நீங்க ரோஷத்தை விட்டுட்டு ஒரே ஒருதரம் அந்த வீட்டுக்கு வந்திருந்தீங்கன்னா, இன்னைக்கு நான் இந்தப் பொய்யைச் சொல்லியிருக்கவே முடியாது... அவ இருக்கிறது மூணாவது மாடி. லிஃப்டும் கிடையாது.